பஸ் நிற்காத ஒன்பதாவது நிறுத்தம்

தரமணியில் உள்ள ஒரு நர்சிங் கல்லூரியின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு, மலர்க் குழுவில் இருக்கும் இளம் ஆசிரியை ஒருவர் எனக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினார். “மேம், அந்தக் காலத்தில் அனாடமியை எப்படி ஞாபகம் வைத்துக்கொண்டீர்கள் என்று எழுதுங்கள். கொஞ்சம் மோட்டிவேஷனலாக இருந்தால் நல்லது.” கீழே கைகூப்பும் பொம்மை ஒன்று. அதற்கும் கீழே, அங்கே நடக்கவிருக்கும் நினைவாற்றல் பயிலரங்கைப் பற்றிய வண்ண அறிவிப்பு. ஒரு செயலியை இறக்கிக்கொண்டால் எலும்புகள் எல்லாம் கார்ட்டூன் பொம்மைகளாக வந்து ஆடிப் பாடிப் பெயர் சொல்லுமாம். எலும்பு ஆடுவதற்குத் தசை வேண்டும் என்பதை அடுத்த பதிப்பில் சேர்ப்பார்கள் என்று நம்புகிறேன்.

எனக்கு நாள் குறித்து வைக்கும் வியாதி உண்டு. எந்த வார்டில் எந்தக் கிழமை மின்விசிறி நின்றது என்பது வரை டைரியில் இருக்கிறது. ஆகவே இந்தக் கட்டுரையை ஆண்டு, தேதி போட்டே எழுத முடியும். போடமாட்டேன். ஆண்டைப் பார்த்ததும் இளையவர்கள் செய்கிற முதல் காரியம் கழித்தல் கணக்கு. எழுதியவரின் வயது தெரிந்தபின் மரியாதையாகப் படிக்கிறார்கள், கவனமாகப் படிப்பதில்லை. மாதமும் கிழமையும் போதும்.

மோட்டிவேஷனும் என்னிடம் இல்லை. இருப்பது ஒரு டம்ளர் காபியின் கதை. அந்தக் காபி ஒருவர் தொண்டையில் இறங்கியதா இல்லையா என்பதுதான் விஷயம். ஆனால் அங்கே போய்ச் சேர, முதலில் பட்டினப்பாக்கத்தில் பஸ் ஏறியாக வேண்டும்.

எங்கள் பயிற்சிப் பள்ளி மயிலாப்பூரில் இருந்தது. மூன்று வருடப் படிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதல் வருடம் படுக்கை விரித்தோம். இரண்டாம் வருடம் படுக்கையில் இருந்தவர்களைப் பார்த்துக்கொண்டோம். மூன்றாம் வருடம், முதல் வருடத்துப் பெண்கள் படுக்கை விரிப்பதைக் குறை சொன்னோம். இடையில் அனாடமி என்று ஒன்று வந்தது.

பாடப்புத்தகம் ஆங்கிலம். நாங்கள் பெரும்பாலும் தமிழில் படித்துவிட்டு வந்தவர்கள். மனிதனுக்குக் கல்லீரல் இருப்பது தெரியும், அதற்கு இத்தனை பக்கம் இருப்பது தெரியாது. சீனியர்கள் பெரிய மனதுடன் சில ஆங்கில வாக்கியங்களைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் எடுத்தால் ஓர் எலும்போ நரம்போ வரும். அவற்றில் பாதியை வாய்விட்டுச் சொல்ல முடியாது. எலும்பைப் படிக்கும்போது வெள்ளைக்கார மருத்துவ மாணவர்கள் வேறு எதை நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு அவை நல்ல சான்று. சொல்லக்கூடிய மீதிப் பாதியிலும் ஒரு சிக்கல். அர்த்தம் தெரியாத பன்னிரண்டு பெயர்களை ஞாபகம் வைப்பதற்காக, அர்த்தம் தெரியாத ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்ய வேண்டும். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன்.

எனவே உள்ளூர்ச் சரக்கைத் தயாரித்தோம். வயிற்றை நான்காகப் பிரித்துப் படிக்கச் சொன்னார்கள். நாங்கள் தொப்புளைத் தெப்பக்குளம் ஆக்கி, சுற்றி நான்கு மாடவீதி போட்டோம். தலை வடக்கு. நோயாளி நம்மைப் பார்த்துப் படுத்திருப்பதால் அவருடைய வலது பக்கம் நமக்கு மேற்கு. வடமேற்கு மூலையில் கல்லீரல், வடகிழக்கில் மண்ணீரல், தென்மேற்கில் குடல்வால். மயிலாப்பூரில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு இது ஒன்றும் கஷ்டமான வரைபடம் இல்லை. தரகர் இல்லாமல் இடம் கிடைத்தது என்பதே மகிழ்ச்சி.

ஆனால் எங்கள் பேட்ச்சின் மகத்தான சாதனை ஸ்டெல்லாவுடையது. ஸ்டெல்லா பட்டினப்பாக்கத்துப் பெண். அப்பா கடலுக்குப் போவார், அம்மா கரையில் மீன் விற்பார். பள்ளி விடுதியில் எனக்கு அடுத்த கட்டில். மண்டையோட்டிலிருந்து கிளம்பும் பன்னிரண்டு ஜோடி நரம்புகளை வரிசை தவறாமல், வேலையோடு சேர்த்துச் சொல்ல வேண்டும் என்ற வாரத்தில் அவள் என் புத்தகத்தைப் பிடுங்கி மூடினாள்.

“இன்னாத்துக்கு இந்த இங்கிலீஷ் மந்திரம்? பஸ்ஸு ஏறு கோமு. மொத ஸ்டாப்பு எங்கம்மா மீன் கடை. மூக்கப் பொத்திக்கினு ஏறுவ இல்ல? அதான் ஒண்ணாம் நம்பர். வாசன நரம்பு.”

பட்டினப்பாக்கத்தில் கிளம்பி மயிலாப்பூர், லஸ், ஆழ்வார்பேட்டை வழியாகத் தி.நகருக்குப் போகும் பஸ் அது. நிறுத்தங்களின் வரிசை சரியில்லை என்று பஸ் ரசிகர்கள் சண்டைக்கு வர வேண்டாம். ஸ்டெல்லா தன் வசதிக்குச் சிலவற்றைச் சேர்த்தாள், சிலவற்றைத் தூக்கினாள். போக்குவரத்துத் துறையும் அதைத்தானே செய்கிறது.

மீன் கடைக்கு அடுத்தது கலங்கரை விளக்கம் தெரியும் திருப்பம். வெளிச்சம், அதாவது பார்வை நரம்பு. மூன்றாவது, குளத்தங்கரையில் இமையைத் தூக்கிக் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பது. நான்காவது, கோயில் வாசலில் விட்ட செருப்பு இன்னும் இருக்கிறதா என்று கண்ணைக் கீழே இறக்குவது. ஐந்தாவது லஸ், மெல்லும் தசைகளும் முக உணர்ச்சியும். லஸ்ஸில் ஏறுகிறவர் எதையும் மெல்லாமல் ஏறி நாங்கள் பார்த்ததில்லை. ஆழ்வார்பேட்டைத் திருப்பத்தில் கண் பக்கவாட்டில் ஓடும், ஆறு. அதன்பின் ஒரு போட்டோ ஸ்டூடியோ வாசல், சிரிக்கும் நரம்பு ஏழு. கச்சேரி சபா நிறுத்தம், காது நரம்பு எட்டு. பனகல் பார்க்கில் வேலை இல்லாமல் அலைகிறவர்கள் பத்து. அந்த நரம்பும் கழுத்து வழியாக இறங்கி இதயம், நுரையீரல், வயிறு என்று ஊரெல்லாம் அலையும். ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் இடிபடும் தோள் பதினொன்று. கையில் பைகளோடு தி.நகர் பஸ் நிலையம் வந்து சேரும்போது நாக்குத் தள்ளிவிடும், பன்னிரண்டு.

ஒன்பதைச் சொல்லவில்லை என்று கவனித்திருந்தால் நீங்கள் நல்ல நர்ஸ். எட்டுக்கும் பத்துக்கும் நடுவில் ஒரு நிறுத்தம் இருந்தது. பலகை உண்டு, பஸ் நிற்காது. அங்கே ஏறினவர், இறங்கினவர் என்று யாரையும் நாங்கள் கேள்விப்பட்டதில்லை. வேறு இடம் மிச்சமில்லாததால் ஒன்பதாம் நரம்பை ஸ்டெல்லா அங்கே வைத்தாள். நாக்கின் பின்பக்கத்துக்கும் தொண்டைக்கும் உரிய நரம்பு அது. ஏதோ வருகிறது, வழியை மூடு என்று தொண்டையிலிருந்து தகவல் சொல்வது அதன் வேலை. அது தூங்கிவிட்டால் குடிக்கிற தண்ணீர் வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போகும். இவ்வளவு முக்கியமான பயணியை இறக்கிவிட ஆளில்லாத நிறுத்தம் என்பதை அப்போது யாரும் யோசிக்கவில்லை. பேட்ச் முழுவதும் அந்த பஸ்ஸில் ஏறியது.

எங்களுக்கு அனாடமி எடுத்தவர் அலமேலு மேடம். மயிலாப்பூர்க்காரர், மாடவீதியை ஒட்டிய சந்தில் தம்பி குடும்பத்தோடு குடியிருந்தார். கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை, மழையோ வெயிலோ கையில் ஒரு கறுப்புக் குடை. அந்தக் குடையை அவர் விரித்து நான் பார்த்ததில்லை. சுட்டிக் காட்டவும் தட்டவும்தான் அது. வகுப்பில் குரலை உயர்த்த மாட்டார். திட்டு வாங்கியவள், தான் திட்டு வாங்கினோம் என்பதைச் சாப்பாட்டு நேரத்தில்தான் உணர்வாள். ஞாபகக் குறிப்புகள் அவருக்கு ஆகாது. மணிக்கட்டு எலும்புகளை ராகம் போட்டுப் பாடிக்கொண்டிருந்த ஒருத்தியிடம், “நன்னா இருக்கு. பாதிப் பாட்டுல பேஷன்ட்டுக்கு மூச்சு நின்னா சரணத்தை அப்பறமா பாடிக்கலாமா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, வைவா என்கிற வாய்மொழித் தேர்வு. வெளியூர்ப் பரிசோதகர் ஒரு டாக்டர். மேசைக்கு அந்தப் பக்கம் அவர், பக்கத்து நாற்காலியில் அலமேலு மேடம், ஓரமாகக் குடை. எனக்குச் சிறுநீரகம் வந்தது. சொல்லிவிட்டு வெளியே போகாமல் சுவரோரம் நின்றுகொண்டேன். அடுத்து ஸ்டெல்லா. மண்டை நரம்புகளை வரிசையாகச் சொல்லச் சொன்னார்.

ஸ்டெல்லா பட்டினப்பாக்கத்தில் ஏறி அட்டகாசமாகப் போனாள். எட்டு முடிந்தது. நேரே பத்து. பரிசோதகர் கையைத் தூக்கினார்.

“ஒன்பது?”

ஸ்டெல்லா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பிறகு மிகவும் உண்மையாகச் சொன்னாள்: “அது… நிக்காது சார்.”

“எது நிற்காது?”

“ஒம்போது, சார்.”

அடுத்தவளைக் கூப்பிட்டார். அவளும் எட்டிலிருந்து பத்துக்குத் தாவினாள். அதற்கு அடுத்தவளும். இப்படிச் சிலர் ஆனபிறகு பரிசோதகர் பேனாவை மூடி வைத்துவிட்டு மேடத்தின் பக்கம் திரும்பினார். “மேடம், உங்க ஸ்கூல்ல மட்டும் பதினோரு நரம்பா?”

அலமேலு மேடம் எங்களைப் பார்த்தார். “எனக்குத் தெரிஞ்சு என் தலையில பன்னண்டு இருக்கு சார். இவாளுக்கு எத்தனை இருக்குன்னு திறந்து பாத்தாத்தான் தெரியும்.”

எட்டுப் பேர் ஃபெயில். அடுத்த மாதம் மறுபடி வைவா, அதிலும் போனால் ஒரு வருடம் போச்சு. அன்று சாயங்காலம் ஸ்டெல்லா கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு சொன்னாள்: “எங்கம்மா கூடைய கழுவி வெச்சுக்கினு கீது கோமு. ஃபெயிலானா வந்து குந்துன்னுச்சு. ஒரு ஸ்டாப்புக்கோசரம் நான் மீன் விக்கப் போறேன்.”

பஸ் விஷயம் மேடத்தின் காதுக்கு எப்படிப் போனது என்று எந்த டைரியிலும் இல்லை. போனது. அடுத்த புதன்கிழமை மத்தியானம், ஃபெயிலான எட்டுப் பேரையும் வகுப்புத் தலைவி என்ற முறையில் என்னையும் அழைத்துக்கொண்டு மேடம் பட்டினப்பாக்கத்துக்கு நடந்தார். எதற்கு என்று கேட்கும் துணிச்சல் எங்களுக்கு இல்லை. அந்த பஸ் வந்தது. “ஏறுங்கோ” என்றார்.

பஸ்ஸில் பாதிக் கூட்டம். மேடம் முன்னால் நின்றபடி குடையால் ஒவ்வொருத்தியையும் சுட்ட, நிறுத்தத்துக்கு நிறுத்தம் நரம்பைச் சொல்லி, அதன் சோதனையைப் பக்கத்தில் இருந்தவளிடம் செய்து காட்ட வேண்டும். லஸ்ஸில் எல்லோரும் பல்லைக் கடித்துத் தாடையைத் தொட்டுப் பார்த்தோம். ஸ்டூடியோ வாசலில் கன்னத்தை உப்பிக் கண்ணை இறுக்கி மூடி, பிறகு பல்லைக் காட்டினோம். எதிர் சீட்டில் இருந்த பெரியவர் எழுந்து பின்னால் போய்விட்டார். மீன் கூடையோடு இருந்த அம்மாள் ஒருத்தி மட்டும் எங்கள் கூடவே சிரித்துக்கொண்டு வந்தார்.

சபா நிறுத்தம் தாண்டியது. மேடம் கண்டக்டரிடம், “அடுத்த ஸ்டாப்புல நிறுத்தணும்” என்றார்.

“அங்க நிக்காதும்மா.”

“பலகை இருக்கே.”

“பலக கீது. பஸ்ஸு நிக்காது.”

“பின்னே எதுக்குப் பலகை?”

“அத பலக வெச்சவன கேளு மேடம். என்ன இன்னாத்துக்கு கேக்குற?”

மேடம் மேற்கொண்டு வாதாடவில்லை. ஜன்னல் வழியாகக் குடையை நீட்டி பஸ்ஸின் தகரத்தில் ஒரு தட்டுத் தட்டினார். ஒரே தட்டு. மாநகரப் பேருந்துக்கென்று ஒரு மொழி உண்டு. ஒரு விசில் என்றால் நில், இரண்டு என்றால் போகலாம். விசில் இல்லாதவர்கள் தகரத்தைத் தட்டுவார்கள், கணக்கு அதேதான். டிரைவர் யார் தட்டினார் என்று பார்க்கவில்லை, பிரேக்கைப் போட்டுவிட்டார்.

“எல்லாரும் எறங்குங்கோ.”

இறங்கினோம். மேடம் கடைசியாக வந்து, ஒரு கால் தரையிலும் ஒரு கால் படியிலுமாக நின்றுகொண்டார். அவர் காலை எடுக்காமல் பஸ் நகர முடியாது. கண்டக்டர் தலையை வெளியே நீட்டினார். “இன்னா மேடம், எறங்கறியா ஏறுறியா? டயம் ஆவுது இல்ல.”

“ரெண்டும் பண்ணப்போறேன். ஒரு நிமிஷம் பொறு நைனா.”

மேடத்தின் வாயிலிருந்து ‘நைனா’ வந்ததில் கண்டக்டர் அடங்கிப்போனார். நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு பெட்டிக்கடை இருந்தது. அங்கிருந்து தண்ணீர்ச் சொம்பை வாங்கிவரச் சொன்னார். ஆளுக்கு ஒரு வாய். விழுங்கும்போது இரண்டு விரலைத் தொண்டை மேட்டில் வைத்துக்கொள்ள வேண்டும்.

“ஏறறதா?”

“ஏறுது மேடம்.”

“ஏறி எறங்கணும். எறங்கித்தா? இப்போ பேரைச் சொல்லு. தண்ணி உள்ள போனப்பறம் குரல்ல ஈரம் இருக்கான்னு கேளு. இருமல் வரதான்னு பாரு. இதான் ஒம்போது. பத்தும் சேந்து வேலை செய்யும், ஆனா ஆரம்பம் இங்க.” குடை ஸ்டெல்லாவின் பக்கம் திரும்பியது. “ஏண்டிம்மா, இங்க எறங்காம போனா என்ன ஆகும்?”

ஸ்டெல்லா யோசித்துவிட்டு, “தி.நகர் போயிடுவோம் மேடம்” என்றாள்.

“நீ போயிடுவே. ஒன்னோட பேஷன்ட் போக மாட்டான்.”

எல்லோரும் ஏறியபின் மேடம் படியில் ஏறி, தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். பஸ் கிளம்பியது. மறு வைவாவில் எட்டுப் பேரும் பாஸ். ஸ்டெல்லா ஒன்பதாம் நரம்பைப் பற்றி மட்டும் வெகுநேரம் பேசியதற்கு, பரிசோதகர் காரணம் கேட்டாராம். “அங்க எறங்கிட்டேன் சார்” என்று சொல்லியிருக்கிறாள்.

அதற்குப் பிறகான வருடங்களைத் தாண்டிவிடுகிறேன். அவற்றில் நடந்தவை எல்லாம் டைரியில் பத்திரமாக உள்ளன, யாரும் கேட்கவில்லை. ஸ்டெல்லாவும் நானும் அடையாறு பக்கம் ஒரு மருத்துவமனையில் சேர்ந்தோம். நான் நரம்பியல் வார்டின் இன்சார்ஜ் ஆன சமயம், அவளும் அதே வார்டில். ஒரு மார்கழி மாதம், திங்கட்கிழமை காலை, பக்கவாதம் என்று ஒரு வயதான அம்மாளைக் கொண்டுவந்து படுக்கவைத்தார்கள். வலது கை, கால் விழுந்துவிட்டது. பேச்சு போய்விட்டது. நினைவு இருந்தது. படுக்கைச் சீட்டில் பெயரைப் பார்ப்பதற்கு முன்பே ஸ்டெல்லா என் கையைப் பிடித்தாள். “கோமு, குடை எங்கடி?”

அலமேலு மேடம்தான். இளைத்திருந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. என்னைப் பார்த்தார், ஸ்டெல்லாவைப் பார்த்தார். தெரிந்துகொண்டாரா என்பதை அந்த முகத்தில் படிக்க முடியவில்லை. நல்ல முகமாக இருந்த நாளிலேயே அதில் எதையும் படிக்க முடிந்ததில்லை.

இடது பக்கமாகச் சற்று நிமிர்த்தி உட்காரவைத்தோம். விழுங்கும் சோதனை ஆகும்வரை வாய்வழி ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று பலகை மாட்டினேன். கூட வந்திருந்த தம்பி சேஷாத்ரி அந்தப் பலகையைக் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு என்னிடம் வந்தார்.

“சிஸ்டர், காபி கூடவா?”

“காபியும் வாய்வழிதான் சார் போகும்.”

“ஒரு வாய்தானே. அக்காவுக்குக் காலம்பர காபி இல்லேன்னா தலைவலி வந்துடும்.”

மூளையில் ரத்தக்குழாய் அடைத்துப் படுத்திருப்பவருக்குத் தலைவலி வந்துவிடுமே என்ற அவருடைய கவலையை நான் மதிக்கிறேன். மயிலாப்பூரில் சில வீடுகளில், காபி நிறுத்தப்பட்டால்தான் நோய் தீவிரம் என்று அர்த்தம். தொண்டை விழுங்க மறந்திருக்கும், காபி மூச்சுக்குழாயில் இறங்கினால் நிமோனியா, இந்த வயதில் அதிலிருந்து மீள்வது கடினம் என்றெல்லாம் விளக்கினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தலையாட்டிய வேகத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

சாயங்காலம், பார்வையாளர் நேரம். நான் பக்கத்துப் படுக்கைக்குத் திரைபோட்டு டிரெஸ்ஸிங் செய்துகொண்டிருந்தேன். ஸ்டெல்லா எதிரே. திரைக்கு அந்தப் பக்கம் டிகாஷன் மணம் வந்தது. முதல் நிறுத்தம் என்று மனதில் ஓடியது, பழக்கதோஷம். பிறகு ஒரு சத்தம். கட்டிலின் இரும்புக் கம்பியில் ஒரு தட்டு.

திரையை விலக்கினேன். சேஷாத்ரி ஃபிளாஸ்க் மூடியில் காபியை ஊற்றி, ஸ்பூனை அக்காவின் வாயருகே பிடித்திருந்தார். மேடத்தின் உதடுகள் இறுக மூடியிருந்தன. நல்ல கை, இடது கை, கம்பியின் மேல் இருந்தது. என்னைப் பார்த்ததும் சேஷாத்ரி முந்திக்கொண்டார்.

“பாருங்கோ சிஸ்டர், அவளே கேக்கறா. கொண்டா கொண்டான்னு தட்டறா.”

“வாய மூடிக்கினே கேக்குறாங்களா சார்?” என்றாள் ஸ்டெல்லா.

அவர் ஸ்பூனை இன்னும் சற்று நீட்டினார். மேடத்தின் கை உயர்ந்து கம்பியில் இறங்கியது. ஒரே தட்டு. இடைவெளி. மறுபடி ஒரே தட்டு. கண் என் மேலும் இல்லை, தம்பியின் மேலும் இல்லை. ஸ்டெல்லாவின் மேல்.

ஸ்டெல்லாவின் முகம் மாறிவிட்டது. “ஒம்போது கோமு,” என்றாள் மெதுவாக. “நிறுத்தச் சொல்றாங்கடி.”

பக்கவாதம் வந்தவர்கள் நல்ல கையால் காரணமில்லாமல் தட்டுவது உண்டு என்று புத்தகங்கள் சொல்கின்றன. நானும் படித்திருக்கிறேன். எங்கள் விளக்கத்தை எந்த மருத்துவ இதழும் ஏற்காது. ஆனால் காரணமில்லாமல் தட்டுகிறவர்கள் ஸ்பூன் வரும்போது மட்டும், ஒவ்வொரு தடவையும் ஒன்றே ஒன்றாக, கூடவே வாயையும் மூடிக்கொண்டு தட்டுவார்களா என்பதற்குப் புத்தகத்தில் பதில் இல்லை. ஃபிளாஸ்க்கை வாங்கி நர்ஸ் மேசையில் வைத்தேன். சேஷாத்ரிக்குக் கோபம்.

“பசியோட கெடக்கா. ஒங்களுக்குப் புரியாது.”

“சார், எங்களுக்கு இதச் சொல்லிக்குடுத்ததே அவங்கதான்,” என்றாள் ஸ்டெல்லா. “நீங்க குந்துங்க. அவங்க பேச்ச அவங்க தம்பியே கேக்கலன்னா நாங்க இன்னா பண்றது?”

மறுநாள் காலை டாக்டர் சொன்னபடி விழுங்கும் சோதனை. நேராக நிமிர்த்தி உட்காரவைத்து, கன்னத்தில் எச்சில் தேங்கியிருக்கிறதா என்று பார்த்து, முதலில் ஒரு டீஸ்பூன் தண்ணீர். தொண்டை மேட்டில் என் இரண்டு விரல். ஏறியது, தாமதமாக. இறங்கியது. இரண்டாவது ஸ்பூனில் இருமினார். கண்ணில் தண்ணீர் வந்தது. நிறுத்தினேன். ஒரு காலத்தில் எங்களை அளந்தவரின் தொண்டையில் விரல் வைத்து, ஃபெயில் என்று படுக்கைச் சீட்டில் எழுதுவது எனக்கு உவப்பான வேலையாக இருக்கவில்லை. எழுதினேன். அவரும் அதைத்தான் செய்திருப்பார். மூக்கு வழியாகக் குழாய் போட்டோம். குழாய் வழியே கஞ்சி போனது.

அந்த வாரம் முழுவதும் சேஷாத்ரி தினமும் வந்து பலகையைப் படித்துவிட்டு, எதிர் நாற்காலியில் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார். இனிமேல் குழாய்தானா என்று டாக்டரிடம் கேட்டார். தொண்டை தேறினால் உண்டு, தேறாவிட்டால் வயிற்றிலேயே நேராகக் குழாய் வைக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொன்னார். சேஷாத்ரி அதன்பின் காபி என்ற சொல்லையே எடுக்கவில்லை. அதுதான் எனக்குப் பயத்தைத் தந்தது.

ஸ்டெல்லா ஷிஃப்ட் முடிந்தும் நின்று, மேடத்தைப் பயிற்சி செய்யவைத்தாள். கன்னத்தை உப்பு, பல்லைக் காட்டு, நாக்கை நீட்டு, எச்சிலை விழுங்கு, மறுபடி விழுங்கு. ஒவ்வொன்றுக்கும் நிறுத்தத்தின் பெயரைச் சொன்னாள். “ஸ்டூடியோ வந்துருச்சு மேடம், சிரிங்க.” வாழ்நாள் முழுவதும் ஞாபகக் குறிப்புகளை வெறுத்த அந்த அம்மாள், கோணிய வாயால் சிரிக்க முயன்றார். முகம் அசைந்ததா, ஸ்டெல்லாவைப் பார்த்து எரிச்சலில் இழுத்ததா என்பது ஆராய்ச்சிக்குரியது.

அடுத்த திங்கள் மறுபடி சோதனை. அதே நாற்காலி, அதே டீஸ்பூன், அதே இரண்டு விரல். சேஷாத்ரி கட்டிலின் கால்மாட்டில் நின்றார். முதல் ஸ்பூன், ஏறி இறங்கியது. இரண்டாவது, இருமல் இல்லை. மூன்றாவது. வாயைத் திறந்து குரல் கொடுக்கச் சொன்னேன். “ஆ” என்று ஒரு வறண்ட சத்தம் வந்தது. அதில் ஈரம் இல்லை. ஈரமில்லாத அந்தக் குரல் போல இனிய சங்கீதத்தை எந்த மார்கழிச் சபாவிலும் நான் கேட்டதில்லை.

நீராக எதுவும் கூடாது, கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர். சேஷாத்ரி வீட்டுக்கு ஓடினார். மத்தியானம் ஃபிளாஸ்க்கோடு வந்தார். கெட்டியாக்கும் மாவைக் கலந்து, களி பதத்தில், அந்தக் காபியை ஸ்டெல்லா தயாரித்தாள். காபிக்கு நேர்ந்த கதியைப் பார்க்கச் சகிக்காமல் சேஷாத்ரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முதல் ஸ்பூன். மேடம் வாயைத் திறந்தார். விழுங்கினார். என் விரலுக்கடியில் தொண்டை ஏறி, இறங்கியது. இருமுகிறாரா என்று காத்திருந்தோம். இருமவில்லை. புருவம் மட்டும் சுருங்கியது. இதற்குப் பெயர் காபியா என்று வகுப்பில் கேட்டிருப்பார்.

ஸ்டெல்லா ஸ்பூனைப் பிடித்தபடி, கொடுக்கலாமா என்று என்னைப் பார்த்தாள். நான் தொண்டையில் இருந்த விரலை எடுக்கவில்லை. சேஷாத்ரி முகத்தை இந்தப் பக்கம் திருப்பினார்.

மேடத்தின் இடது கை மெல்ல உயர்ந்து கட்டில் கம்பியைத் தொட்டது. இரண்டு தட்டு.

“போலாம் ரைட்,” என்று ஸ்டெல்லா அடுத்த ஸ்பூனை நீட்டினாள்.

ஆண்டு மலருக்கு இது போதும் என்று நினைக்கிறேன். செயலியை இறக்கிக்கொள்ளுங்கள், எலும்புகள் ஆடட்டும். அந்த வழியில் பஸ் பிடித்து ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று கிளம்பாதீர்கள். மெட்ரோ ரயிலுக்காக லஸ்ஸைத் தோண்டிப்போட்டிருக்கிறார்கள், ஐந்தாம் நரம்பு எந்தப் பக்கம் என்று இப்போது எனக்கே தெரியவில்லை. ஒன்பதாவது நிறுத்தத்தின் பலகை மட்டும் போன வாரம்கூட இருந்தது. நானும் ஸ்டெல்லாவும் அந்த வழியாகத்தான் வந்தோம். பஸ் நிற்கவில்லை. ஸ்டெல்லா ஜன்னல் வழியாகக் கையை வெளியே போட்டு, தகரத்தில் ஒரு தட்டுத் தட்டினாள்.